கண்ணாடிக்கு வராத காத்து

02.11.2025, ஞாயிறு
ரண்டர்ஸ்

மூக்கி,

நீ போய் ஏழு மாசமாகுது. இண்டைக்கு விடிஞ்சதில இருந்து உன்னோட கதைக்கோணும் போல கிடந்தது. அதுதான் இந்தக் கொப்பியை எடுத்தனான். செத்தவீடு முடிஞ்ச கையோட உன்ர மகள் மேனுஜா வாங்கித் தந்தது. "எழுதிப் பாருங்கோ பெரியம்மா, மனசுக்கு நல்லம்" எண்டவள். அஞ்சாம் வகுப்போட நிண்டவளுக்குக் கொப்பி என்னத்துக்கு எண்டு அலுமாரிக்குள்ள போட்டிட்டன். இப்ப எழுதிக்கொண்டிருக்கிறன். உன்னைப் போலதான் அவளும். சொன்னால் கடைசியில அது நடந்துபோகும்.

விசயம் இதுதான். நேற்றுச் சனிக்கிழமை, ஓகூஸ் துறைமுகத்தில இருக்கிற எங்கட கிடங்குக் கந்தோரைக் கழுவப் போனனான். நிலம் கழுவிற மெசினைப் பலகையில உருட்டி பிக்கப்பின்ர முதுகில ஏத்தினனான், தனிய. அது பரவாயில்லை, பழகிட்டன். ஊர் தாண்ட முதலே முன்கண்ணாடி வெள்ளைச் சீலை போட்ட மாதிரி மூடிப்போச்சு. ஹீற்றரை நாலில விட்டன். சத்தம் பிளேன் எழும்பிற மாதிரி. காத்து? சூடான சோத்தைப் பிள்ளைக்கு ஊதிற மாதிரி, அவ்வளவுதான். துணியால துடைக்கத் துடைக்க மூடுது. ஒரு லொறிக்காரன் ஹோன் அடிச்சுக்கொண்டு போனான். பெற்றோல் ஷெட்டில நிப்பாட்டி அழுதிட்டுப் பேந்துதான் போனனான்.

விசர் மாதிரி அதை மேனுஜாட்டச் சொல்லிப்போட்டன். புரொண்பியில இருந்து போனுக்குள்ளாலயே டேனிஷில கத்துறாள். "டெ கோர் இக்கே, பெரியம்மா!" சரிவராதாம். பிக்கப் இப்ப அவளின்ர பேரில. டிசம்பர் 12 வாகனப் பரிசோதனை. "அதில பாஸ் பண்ணி, கண்ணாடியும் தெளிவா இருந்தால் வைச்சு ஓடுங்கோ. இல்லாட்டி உடைக்கிற இடத்துக்குத்தான். நான் இன்னொரு ஆளைப் பறிகுடுக்க ஏலாது." கடைசி வசனத்தைத் தமிழில சொன்னவள்.

பிக்கப் போனால் மெசினை பஸ்ஸிலயே ஏத்திறது? சனிக்கிழமை வேலையும் போகும். கிழமை நாளில ஸ்கூலில செய்யிறது ஆரோ ஒருத்தர் சொல்லச் செய்யிறது. இது நீயும் நானும் தேடிப் பிடிச்ச வேலை. மெசினும் எங்கட மெசின், திறப்பும் எங்கட கையில.

05.11, புதன்

மழை. சைக்கிளில ஸ்கூலுக்குப் போய் வந்தன். உன்ர மழைக்கோட்டைப் போட்டன். கை நீளம்.

08.11, சனி

ரெண்டு யன்னலையும் இறக்கிவிட்டு ஓகூஸ் போனன். கண்ணாடி தெளிஞ்சுது. நான் விறைச்சுப்போனன். கந்தோரில வாளித் தண்ணிக்குள்ள கையை விட, கை இருக்கோ இல்லையோ எண்டு தெரியேல்லை.

நீயும் இப்படித்தானே ஓடினனீ. ஒரு கையில எப்பவும் துணி இருக்கும். நான் பக்கத்தில இருந்து பிளாஸ்க்கில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு, "கையை ஸ்டியறிங்கில வையடி" எண்டு ஏசுவன். "கண்ணாடி மூடுதக்கா" எண்டுவாய். "நீ வாயை மூடினால் கண்ணாடி மூடாது" எண்டு நான் சொல்லுவன். சிரிப்பாய். பதினாலு வருசம் அந்தச் சீற்றில இருந்தும் எனக்கு விளங்கேல்லை, இது இவ்வளவு கரைச்சல் எண்டு.

09.11, ஞாயிறு

மரியரட்ணம் அண்ணைக்கு எடுத்தனான். உனக்குக் காரில எது முறிஞ்சாலும் அவர்தானே. கரண்ட் காத்தாடி செய்யிற பக்டரியில பென்சன் எடுத்த பிறகு மனிசனுக்கு வீட்டில இருக்க ஏலாமக் கிடக்காம். மட்டக்களப்புப் பேச்சு இன்னும் மாறேல்லை. "அழாதீங்க புள்ள. வாற சனி வேலை முடிச்சு வாங்க, மறுகா பாப்பம்" எண்டவர். நான் அழேல்லை எண்டன். "தங்கராணி இல்லாமப் போனதுக்கு நானே அழுறன், நீங்க அழாம இருப்பீங்களா?" எண்டார்.

உன்ர முழுப்பேரை ஆரும் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாள். எனக்கு நீ மூக்கிதான்.

15.11, சனி

வேலை முடிச்சு அண்ணையிட்டப் போனன். பிக்கப்பைத் தன்ர கராஜுக்க விட்டு எஞ்சினைச் சூடாக்கினார். உள்ளுக்குப் போற ரெண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பாக்கச் சொன்னார். தொட்டன், சுட்டது. "அப்ப சூட்டுக்குக் குறைவில்லை. அதைக் கொண்டுவாற காத்துத்தான் இல்லை" எண்டார். பேந்து ஒரு ரிசு பேப்பரை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழ காத்து வாற வாயில பிடிச்சார். ஹீற்றர் நாலில கத்துது. பேப்பர் ஆடவே இல்லை.

"மோட்டர் போச்சோ?" எண்டு கேட்டன்.

"போகல்ல. மோட்டர் நல்லாத்தான் சுத்துது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு விடச் சொன்னா நீங்க விடுவீங்களா? எங்கயோ அடைச்சிருக்கு புள்ள."

மூக்கு எண்ட சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஏன் சிரிக்கிறீங்க எண்டார். சொல்லேல்லை. அது எங்கட வீட்டுப் பேர்.

16.11, ஞாயிறு

முன்பெட்டியைக் கழட்டினம். நீ பொட்டு மட்டையும் திருநீறும் பழைய பார்க்கிங் துண்டுகளும் வைக்கிற அந்தப் பெட்டி. எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வைச்சிருக்கிறன். அதுக்குப் பின்னால காத்து ஊதிற சில்லு. அண்ணை மூண்டு ஆணி கழட்டி அதைக் கையில தந்தார்.

முழுக்க எலிக்கூடு. பஞ்சு, கடுதாசி, நூல். நல்ல காலம் எலி இல்லை. நான் மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு நுள்ளி நுள்ளி எடுத்தன். எடுக்க எடுக்க ஒரு வெள்ளை நூல் வருது, வருது, முடியவே இல்லை. பூ கட்டிற நூல். அண்ணை என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தன்.

"எலிக்கு ஆரு புள்ள மாலை கட்டிக் குடுத்தது?"

நூலோட மஞ்சள் பட்ட அரிசிக் குறுணலும் கிடந்தது. அதை ஒரு கடுதாசியில மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வைச்சன்.

18.11, செவ்வாய்

நித்திரை இல்லை. நான் நினைக்கிறது சரியாத்தான் இருக்கும்.

22.11, சனி

சரிதான் மூக்கி. நான்தான்.

வைப்பர் ரெண்டையும் கழட்டி, கண்ணாடிக்குக் கீழ இருக்கிற கறுத்தப் பிளாஸ்ரிக்கைத் தூக்கினார் அண்ணை. வெளிக்காத்து உள்ளுக்குப் போற வாசல் அதுதானாம். வாசலே தெரியேல்லை. பசளைக் குவியல் மாதிரி கறுத்துப்போய் ஒரு சாண் உயரத்துக்கு. மேல இருந்தது இந்த வருசப் பூ, நான் சுப்பர்மார்க்கட்டில வாங்கின மஞ்சள் செவ்வந்தி, இன்னும் நிறம் கூடப் போகேல்லை. அதுக்குக் கீழ போன வருசத்தது. அதுக்குக் கீழ அறுகம்புல், ஊறிக் கறுத்த அரிசி, காய்ஞ்ச தேசிக்காய்ப் பாதி ஒண்டு.

ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் நான்தானே பிக்கப்புக்குப் பூ வைக்கிறது. முதல் வருசம் எஞ்சின் மூடிக்கு மேல வைச்சனான். "காத்தில பறந்துபோகுமக்கா" எண்டனீ. அதுதான் பறக்காமல் இருக்கட்டும் எண்டு அந்தக் கறுத்த பிளாஸ்ரிக்கின்ர வெடிப்புகளுக்குள்ள ஒவ்வொண்டா விரலால தள்ளிச் செருகினனான். வடிவா. கவனமா. மஞ்சளரிசியையும் அதுக்குள்ளயே தூவினனான். அது மேல ஒரு அலங்காரம் எண்டு நினைச்சன். காத்து வாற வழி எண்டு ஆருக்குத் தெரியும்?

அண்ணை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். "பிள்ளையாற்ர வாகனம் உங்கட வாகனத்துக்க குடியிருந்து பூசையும் கண்டு, படையலும் சாப்பிட்டிருக்கு!"

எனக்கு ரோசம் வந்திட்டுது. "மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி வைச்சு வீட்டுக் கார்ப்பெற்றை எரிச்ச ஆள் ஆரண்ணை?" எண்டு கேட்டன்.

"அதைத் தங்கராணி சொல்லிப்போட்டாவா!" எண்டு அவர் இன்னும் கூடச் சிரிச்சார். நானும் சிரிச்சன். பேந்து பிளாஸ்ரிக்கைக் கையில பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டிட்டன். அவர் கண்டவர். தேத்தண்ணி போடப் போயிட்டார்.

23.11, ஞாயிறு

ஒண்டும் ஓடேல்லை.

நீ ரோட்டில போறாய் எண்ட பயத்தில, சாமி காப்பாத்தட்டும் எண்டு வைச்ச பூ. அது உன்ர கண்ணை மறைச்சிருக்கு. வெளிக்காத்து வராதபடியால உள்ளுக்க இருக்கிற ஈரத்தையே ஹீற்றர் சுத்திச் சுத்தி ஊதினதாம். நீ துடைச்சுக்கொண்டு ஓடினனீ. நான் பக்கத்தில இருந்து ஏசினன். ஒருநாளும் நான் நிண்டு யோசிக்கேல்லை. என்ன மனிசி நான்? அஞ்சாம் வகுப்பு எண்டாலும் கண் இருக்குத்தானே. விரலால செருகேக்க உள்ளுக்க விழுந்த சத்தம் கேட்டிருக்கும்தானே. கேட்டதோ? — ஐயோ, ஞாபகமில்லை.

லொறி ஏதும் அடிச்சிருந்தால்?

படுக்கப் போறன்.

24.11, திங்கள்

மேனுஜாக்கு எடுத்து எல்லாத்தையும் சொன்னன். ஏசுவாள் எண்டுதான் நினைச்சன். ஏசட்டும் எண்டுதான் எடுத்தனான்.

பாத்தால் சிரிக்கிறாள். "பெரியம்மா, அம்மாக்குத் தெரியும்."

என்ன தெரியும் எண்டன்.

"பூசை முடிஞ்ச அடுத்த கிழமை, நீங்கள் ஸ்கூல் வேலைக்குப் போன நேரம், அம்மா இடுக்கியால ஒவ்வொரு பூவா வெளியில எடுப்பா. ரோர்ச் பிடிக்கிறது நான். 'பெரியம்மாட்டச் சொல்லிப்போடாதை, ஆசையா வைச்சவ' எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுவா. அரிசிதான் எடுக்கேலாது, அது கீழ போயிடும் எண்டு பேசுவா."

ஒவ்வொரு வருசமுமோ எண்டு கேட்டன். ஒவ்வொரு வருசமும்தானாம். போன வருசம் நீ ஆஸ்பத்திரியில. இந்த வருசம் நீ இல்லை. அந்த ரெண்டு வருசத்தையும் எடுக்க ஆளில்லாமல் போச்சு, அதுதான் அப்பிடி மூடிக் கிடந்திருக்கு.

அடி கள்ளி. என்ர அப்பளம் பொரிக்கிற இடுக்கி வளைஞ்சு வளைஞ்சு கிடந்தது அதாலதானோ? நான் மேனுஜாவைப் பிடிச்சு ஏசினனான், கண்டதுக்கும் பாவிக்கிறாள் எண்டு. பிள்ளை வாய் திறக்கேல்லை.

போனை வைச்சிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டன். ரெண்டு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டன்.

29.11, சனி

வேலையால நேரா அண்ணையின்ர கராஜ். இண்டைக்கு என்ர முறை.

சூடு தாற சின்ன ரேடியேற்றர் ஒண்டு உள்ளுக்க இருக்கு. சீப்புப் பல்லு மாதிரி மெல்லிய தகடு தகடா. அதின்ர முகம் முழுக்கக் கம்பளி போத்த மாதிரித் தூசி. அதைக் கழட்டினால் தண்ணி எல்லாம் இறக்கோணும், வேண்டாம் எண்டார் அண்ணை. ஒரு ஸ்குறூட்றைவரால சுரண்டப் போனார். நான் கையைப் பிடிச்சிட்டன்.

"விடுங்கோ அண்ணை. தகடு மடிஞ்சால் பேந்து காத்துப் போகாது. அழுக்கு எண்டால் அது என்ர வேலை."

இருபத்தஞ்சு வருசம் இந்த நாட்டின்ர அழுக்கைக் கழுவுறன். பிக்கப்பில இருந்த தூசி உறிஞ்சிற மெசினை இறக்கி, மெல்லிய வாய் போட்டு, பல்லுத் தூரிகையால மேல இருந்து கீழ, மேல இருந்து கீழ. குறுக்க ஒருக்காலும் இல்லை. சில்லையும் அப்பிடித்தான், இதழ் இதழாத் துடைச்சன். மூண்டு மணித்தியாலம். அண்ணை ரோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டார், வாய் சும்மா இருக்காமல் தேவாலயப் பாட்டு. தகட்டுக்குள்ளால மற்றப் பக்க வெளிச்சம் தெரிஞ்ச உடன பாட்டை நிப்பாட்டிப்போட்டு, "நீங்க என்ர பக்டரிக்கு வந்திருக்கோணும் புள்ள" எண்டார்.

சந்தோசமாத்தான் இருந்தது. சொல்லுறதுக்கு என்ன.

06.12, சனி

இண்டைக்கு மிச்சம். கண்ணாடிக்குப் போற காத்துக் குழாய் ஒரு மூட்டில விட்டுப்போய், பாதிக் காத்து முன்பெட்டிக்குப் பின்னால வீணாப் போய்க்கொண்டிருந்திருக்கு. அண்ணை அதைப் பூட்டிச் சுத்தி ஒட்டினார். காத்தை மேலயும் கீழயும் திருப்பிற கதவின்ர ஸ்பொஞ்சு தொட மாவாப் போச்சு. வீட்டுக் கதவு இடுக்குக்கு ஒட்டுற பட்டியை அளந்து வெட்டி ஒட்டினம். வெளி வாசலுக்குக் கம்பி வலை. எலியும் போகாது, பூவும் போகாது.

எல்லாத்தையும் திருப்பிப் பூட்டி, எஞ்சினை விட்டம். அண்ணை ரிசு பேப்பரைப் பிடிச்சார். ரெண்டிலதான் விட்டனான், நாலில கூட இல்லை. பேப்பர் கையைவிட்டுப் பறந்துபோய்க் கூரையில ஒட்டிக்கொண்டுது!

"புள்ள, கண்ணாடியைப் பாருங்க!" எண்டு கத்துறார். கீழ ஒரு கை அகலம் தெளிஞ்சு, மெல்ல மெல்ல மேல ஏறி, மூலை ரெண்டும் கூடத் தெளிஞ்சுது. அஞ்சு நிமிசம் ஆகேல்லை.

சோத்துப் பார்சலும் மரவள்ளிக் கிழங்குக் கறியும் கொண்டு போனனான். அண்ணை ரெண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். உறைப்புக் காணாதாம். தங்கராணி வைச்சா காணும் எண்டார். நீ உப்பில பிழைவிட்டதை நான் சொல்லேல்லை.

12.12, வெள்ளி

பாஸ்.

ஒரு இளம் டேனிஷ் பிள்ளை, கட்டைத் தலைமயிர். கீழ படுத்தாள், பிறேக்கைத் தட்டினாள், லைற் எல்லாம் போடச் சொன்னாள். கடைசியா உள்ளுக்க ஏறி ஹீற்றரை விட்டுக் கண்ணாடிக்கிட்டக் கையைப் பிடிச்சாள். "டெ வாமர் கொட்" எண்டாள். நல்லாச் சூடு தருதாம். "நான்தான் கழுவினனான்" எண்டு சொன்னன். அவள் வெளியில சேறு பிடிச்ச கதவைப் பாத்திட்டு, பாவம் எண்டு நினைச்சாளோ என்னவோ, சிரிச்சுக்கொண்டு கடுதாசியைத் தந்தாள். விளங்கப்படுத்த நிக்கேல்லை. கடுதாசியோட வெளிக்கிட்டிட்டன்.

மேனுஜாக்குப் படம் எடுத்து அனுப்பினன். ஒரு இதயம் அனுப்பினாள். பேந்து எழுதினாள், தமிழில, பிழை பிழையா: "சறி பெறியம்மா. மெதுவாப் போங்கோ."

24.12, புதன்

மேனுஜா வந்து நிக்கிறாள். இறைச்சிக் கறியும் புட்டும். உன்ர படத்துக்கு முன்னால ஒரு கோப்பை வைச்சனான். வேற ஒண்டும் எழுதத் தேவையில்லை.

10.01.2026, சனி

நல்லா ஓடினன். கையுறை போடேல்லை. கந்தோர்க்காரன் புது வருசத்துக்கு ஒரு சொக்லேற் பெட்டி வைச்சிருந்தான், ரெண்டு பேருக்கும் எண்டு எழுதி. அவனுக்கு நீ இல்லாதது தெரியாது போல. நானும் சொல்லேல்லை. பாதியைச் சாப்பிட்டன்.

15.01, வியாழன்

பொங்கல். பால் நல்லாப் பொங்கினது. பிக்கப்புக்குப் பொட்டு மட்டும் வைச்சன், கதவில. பூ உனக்கு.

17.01, சனி

இரவு முழுக்கப் பனி கொட்டினது. விடிய சைபருக்குக் கீழ ஏழு பாகை குளிர். பிக்கப்பை விட்டிட்டுக் கூரையில இருந்த பனியைத் தட்டி முடிய, உள்ளுக்க கண்ணாடி தெளிஞ்சு போச்சு. ஏறி இருக்க, காலுக்குச் சூடு வருது.

ஊர் முடிவில அந்தச் சுத்துவட்டம். ஹட்ஸ்டன் பக்கத்துக் கிராம ரோட்டு ஒண்டு, மோட்டர்வே மற்றது. நீ எப்பவும் கிராம ரோட்டாலதானே. நானும் இவ்வளவு நாளும் அதாலதான் போனனான், வேற வழி இருக்கெண்டு யோசிச்சுக்கூடப் பாக்கேல்லை. இண்டைக்குப் பாத்தால் அந்த ரோட்டில பனி தள்ளேல்லை. ஒரு காரின்ர சில்லுத் தடம் கூட இல்லை. பின்னால கார் நிக்குது. மோட்டர்வேக்குத் திருப்பிப்போட்டன்.

முதல் கொஞ்சத் தூரம் ஓரமா எழுபதிலதான் போனன். லொறியள் பக்கத்தால போகேக்க பனித்தண்ணி அடிக்கும், வைப்பர் ஒருக்கால் போட்டால் எல்லாம் பளிச்செண்டு தெரியுது. பேந்து பயம் விட்டுப்போச்சு. ரேடியோவும் போட்டன் தெரியுமோ.

துறைமுகத்தில நிப்பாட்டி மணிக்கூட்டைப் பாத்தன். நாப்பது நிமிசம். நான் மணிக்கூடு நிண்டுபோச்சு எண்டு நினைச்சன். போனையும் எடுத்துப் பாத்தன். நாப்பது நிமிசம்தான். எங்களுக்கு எப்பவும் ஒண்டேகால் மணித்தியாலம் எடுக்கும். பிளாஸ்க் ஒண்டு முடியும். நீ மேனுஜாவைப் பற்றி ஒரு கதை, ஸ்கூல் மனேச்சரைப் பற்றி ஒரு கதை, நான் சொல்லிச் சொல்லிப் பழசாப் போன கதையை நீ திருப்பிக் கேப்பாய், "பேந்து என்ன நடந்ததக்கா?" எண்டு, ஒண்டும் தெரியாத மாதிரி.

வேலை முடிஞ்சு வந்து மேனுஜாக்கு எடுத்தன். அம்மாக்கு மோட்டர்வே பயமோ எண்டு கேட்டன்.

"அம்மாக்கோ?" எண்டு சிரிக்கிறாள். "தனிய என்னைப் பாக்க வரேக்க, பாலமும் தாண்டிப் புரொண்பி மட்டும் மோட்டர்வேயாலதான் வருவா. அந்தப் பழைய பிக்கப்பில நூற்றிப்பத்தில. நான்தான் ஏசுறது."

கண்ணாடி மூடுறபடியால எண்டு நினைச்சுப் பாத்தன். அதுவும் சரிவரேல்லை. ஆடியில, யன்னல் எல்லாம் திறந்து, சோளத் தோட்டத்து வாசம் உள்ளுக்க வரேக்கயும் நாங்கள் அந்தக் கிராம ரோட்டாலதானே போனம்.

அப்ப ஏன் மூக்கி, என்னை ஏத்தினால் மட்டும் அந்தச் சுத்துப் பாதையால கூட்டிக்கொண்டு போனனீ?